கிளிக்காய்ச்சலும் அதன் உறவினர்களும்

லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீடுகளில் தினமும் காலையில் நடக்கும் ஒரு காரியம் உண்டு. கூண்டுக்குள்ளிருந்து தினைக் கிண்ணத்தை வெளியே எடுப்பார்கள். பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும்; ஆனால் மேலே கிடப்பதெல்லாம் உமி. பறவைகள் தினையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போட்டிருக்கும். கிண்ணத்தை முகத்துக்கு நேரே பிடித்து வாயால் ஓர் ஊது ஊதுவார்கள். உமி பறக்கும். கூடவே இறகின் துகளும் காய்ந்த எச்சத்தின் தூளும் பறக்கும். ஊதியவர் அடுத்த மூச்சை அந்தத் தூசுக்குள்ளிருந்துதான் இழுக்கிறார்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் இதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கூண்டில் ஏதாவது ஒரு பறவை ‘கிளமிடியா சிட்டாசி’ என்ற பாக்டீரியாவைச் சுமந்துகொண்டிருந்தால், அந்த ஓர் ஊது போதும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி, வறட்டு இருமல் என்று ஆரம்பித்து நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

கிளமிடியா என்ற பெயரைக் கேட்டதும் சிலர் நெளிவார்கள். பாலுறவால் பரவும் நோய்களின் பட்டியலில் அந்தப் பெயரைப் படித்திருப்பார்கள். அது வேறு. அதற்குக் காரணம் கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற இனம். அது மனிதரின் கிருமி, மனிதரிடமிருந்து மனிதருக்குப் போவது. நான் இங்கே எழுதப்போவது அதன் பங்காளிகளைப் பற்றி. ஒன்று பறவைகளிடம் குடியிருக்கிறது, ஒன்று ஆடுகளிடம், ஒன்று பூனைகளிடம், ஒன்று ஆஸ்திரேலியாவின் கோவாலாக்களிடம். இவற்றில் சில எப்போதாவது வீடு மாறி நம்மிடம் வந்துவிடுகின்றன. கிளி வளர்த்ததால் கிளமிடியா வந்தது என்று ஒருவருக்குச் சோதனை முடிவு வந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வந்த வழி மூக்கு.

பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 1907இல் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜாவா தீவில் இருந்தார்கள். டிரக்கோமா என்ற கண் நோயால் அவதிப்பட்டவர்களின் இமைக்குள்ளிருந்து சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான்களின் கண்ணில் இட்டுப் பார்த்தார்கள். (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) நோயுற்ற செல்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, செல்லின் கரு மீது ஒரு மேலங்கியைப் போர்த்தியதுபோல நுண்ணிய துகள்களின் திரள் ஒன்று தெரிந்தது. கிரேக்க மொழியில் ‘கிளமிஸ்’ என்றால் தோளில் போர்த்தும் அங்கி. அதிலிருந்து வந்ததுதான் கிளமிடியா.

போர்வை என்ற சொல் இந்தக் கிருமியின் நடத்தைக்கும் பொருந்துகிறது. சாதாரண பாக்டீரியா ஒரு தட்டில் சத்துக்கூழ் ஊற்றி வைத்தால் வளரும். இது வளராது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். அதனாலேயே வெகுகாலம் இதை வைரஸ் என்றே நினைத்தார்கள். 1960களில்தான் பாக்டீரியா என்பது உறுதிப்பட்டது. இரண்டு வடிவங்களில் மாறி மாறி வாழ்கிறது. வெளியே இருக்கும்போது விதைநெல் மாதிரி. மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. கெட்டியான உறை. சாப்பிடாது, பெருகாது, காய்ந்த எச்சத்துக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சும்மா கிடக்கும். ஒரு செல் கிடைத்தால் உள்ளே நுழைந்து நாற்றாக மாறுகிறது. அந்த வடிவம் பெரியது, மெல்லியது, வெளியே வந்தால் பிழைக்காது. ஆனால் உள்ளே இருக்கும்வரை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக்கொண்டே போகும். இரண்டு மூன்று நாளில் அந்தச் செல் முழுக்க நிரம்பியதும் மறுபடி எல்லாம் விதையாகிச் செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. நம் உடம்பின் காவல் செல்கள் விழுங்கியதைச் செரித்துவிடும் திறன் படைத்தவை. இந்தக் கிருமி அந்தச் செரிமானப் பை தன்னிடம் வந்து சேராமல் தடுத்துவிடுகிறது. வயலுக்குள் புகுந்த திருடன் காவல்காரனின் குடிசையிலேயே படுத்து உறங்குவதுபோல.

இந்தப் பத்தி கொஞ்சம் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிட்டது. ஆனால் பின்னால் வரும் இரண்டு விஷயங்களுக்கு இது தேவைப்படும்: தூசு ஏன் ஆபத்து என்பதற்கும், சில மருந்துகள் ஏன் பலிப்பதில்லை என்பதற்கும்.

பறவையிடமிருந்து மனிதருக்கு வரும் நோயை முதலில் விவரித்தவர் யாக்கோப் ரிட்டர் என்ற சுவிஸ் மருத்துவர். 1879இல் அவருடைய சகோதரரின் வீட்டில் அடுத்தடுத்து ஏழு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். ரிட்டர் சந்தேகித்தது வீட்டின் படிப்பறையை. அங்கேதான் புதிதாக வாங்கிய கிளிகளும் சிறு குருவிகளும் கூண்டில் இருந்தன. 1892இல் பாரிஸில், புவனோஸ் ஐரஸிலிருந்து கப்பலில் வந்த கிளிகளைத் தொடர்ந்து மறுபடி ஒரு பரவல். சிட்டகோசிஸ் என்ற பெயர் 1895இல் வந்தது. ‘சிட்டகோஸ்’ என்றால் கிரேக்கத்தில் கிளி.

ஆனால் உலகம் இந்த நோயைக் கவனித்தது 1930 ஜனவரியில். அந்தக் கதையை நான் யாரிடமாவது சொல்லாமல் இருந்ததில்லை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அன்னாபொலிஸ் என்று ஓர் ஊர். அங்கே ஒருவர் தன் மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்க ஒரு கிளி வாங்கினார். பரிசு ரகசியமாக இருக்கட்டும் என்று மகள் வீட்டில் விட்டுவைத்தார். பண்டிகை நெருங்கும்போது கிளியின் இறகு அழுக்கேறிச் சிலிர்த்து நின்றது. கிறிஸ்துமஸுக்குள் செத்தும் போனது. ஜனவரி முதல் வாரத்தில் மனைவி, மகள், மருமகன் மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். டைபாய்டா, நிமோனியாவா என்று மருத்துவருக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிப் புலம்பினார். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அர்ஜென்டினாவில் பரவும் கிளிக்காய்ச்சல் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தார். கிளி என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. நோயைக் கண்டுபிடித்தவர் மருத்துவரா, பத்திரிகை படிக்கும் அவர் மனைவியா என்று கேட்டால், என் வாக்கு மனைவிக்குத்தான்.

தந்தி வாஷிங்டனுக்குப் பறந்தது. அப்போது பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் ஹைஜீனிக் லேபரட்டரி என்று ஓர் ஆய்வகம் இருந்தது. சார்லஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் ஹென்றி ஆண்டர்சனும் அதன் கீழ்த்தளத்தில் நோயுற்ற கிளிகளை வைத்துக்கொண்டு ஆய்வில் இறங்கினார்கள். பிப்ரவரியில் ஆண்டர்சன் நோய் கண்டு இறந்தார். அதே நாட்களில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் படுத்தார். குணமான ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை அவருக்குச் செலுத்தினார்கள், பிழைத்துக்கொண்டார். பிறகுதான் பயங்கரம்: கிளிகள் இருந்த அறைப் பக்கமே போகாதவர்களும் அந்தக் கட்டடத்தில் ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். கிருமி காற்றில் மிதந்து மாடியேறியிருந்தது. மார்ச் மாதம் இயக்குநர் ஜார்ஜ் மக்காய் தனியாக உள்ளே போய், எஞ்சியிருந்த பறவைகளையும் சோதனை விலங்குகளையும் கொன்று எரித்து, கட்டடத்தையே சயனைடு புகையால் நிரப்பினார்.

அதற்கு முன்பே, ஜனவரி 24 அன்று, அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்குத் தடை விதித்திருந்தார். அந்த அலையில் அமெரிக்காவில் சுமார் 170 பேருக்கு நோய், 33 பேர் இறப்பு. உலகெங்கும் ஏறத்தாழ 800 பேர். அதே ஆண்டு மே மாதம் அந்த ஆய்வகம் பெயர் மாறி, இன்று என்ஐஎச் என்று எல்லோரும் அறிந்த தேசிய சுகாதார நிறுவனமானது. ஒரு செத்துப்போன கிளி மட்டும்தான் அதற்குக் காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் அந்த மாற்றத்துக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதத்தில் இருந்த நேரத்தில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் கிளிக்காய்ச்சல் இருந்ததால் கெடுதல் ஒன்றும் நேர்ந்திருக்காது.

இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் நோய் கண்டவர்களில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் இறந்தார். சரியான மருந்து கொடுத்தால் இப்போது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரை போதும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் மருத்துவர் சொல்லும்வரை, இரண்டு வாரம் போலத் தொடர வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காய்ச்சல், இருமல் என்று போகிறவருக்கு வழக்கமாக முதலில் எழுதித் தருவது அமாக்ஸிசிலின் வகை. அது பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. கிளமிடியா அந்த மருந்தைக் கண்டால் பெருகுவதை நிறுத்திவிட்டு, உருக்குலைந்த ஒரு வடிவத்தில் செல்லுக்குள்ளேயே பதுங்கிக்கொள்கிறது. மருந்து நின்றதும் எழுந்து வேலையைத் தொடர்கிறது. சளியை ஆய்வகத்துக்கு அனுப்பினாலும், முன்னே சொன்னதுபோல் தட்டில் வளராத கிருமி என்பதால், ‘ஒன்றும் வளரவில்லை’ என்று முடிவு வரும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கு இந்தக் கிருமியைத் தேடும்படி யாராவது எழுதித்தர வேண்டும். யாராவது எழுத வேண்டுமானால் யாருக்காவது சந்தேகம் வர வேண்டும். சந்தேகம் வர ஒரே ஒரு கேள்வி போதும்: வீட்டில் பறவை இருக்கிறதா? நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன். நாமாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

கிளி மட்டும்தானா என்றால் இல்லை. புறா, வாத்து, வான்கோழி, கோழி என்று நூற்றுக்கணக்கான பறவை இனங்களில் இது இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் வர்ஜீனியா, ஜார்ஜியா மாநிலங்களில் இரண்டு கோழி இறைச்சி ஆலைகளின் தொழிலாளர்களுக்கு வந்தது. அதற்காகக் கோழிக்குழம்பைத் தள்ளிவைக்க வேண்டாம். சமைத்த இறைச்சியால் இது பரவுவதில்லை. ஆபத்து உயிருள்ள பறவையையும் புதிதாக அறுத்த உடலையும் கையாள்கிறவர்களுக்குத்தான். 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் நாடுகளில் வழக்கத்துக்கு மாறாக நோயாளிகள் கூடினார்கள், ஐந்து பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் அறிவித்தது. வளர்ப்புப் பறவைகளுடன் காட்டுப் பறவைகளும் அதில் சம்பந்தப்பட்டிருந்தன.

எனக்கு இவற்றில் மறக்க முடியாதது ஆஸ்திரேலியாவின் நீல மலைப் பகுதியில் 2002இல் நடந்தது. கூண்டுப் பறவையே வைத்திராத பலருக்கு அங்கே நோய் வந்தது. விசாரித்துப் பார்த்தால், புல்வெட்டும் இயந்திரத்தில் வெட்டிய புல்லைச் சேகரிக்கும் பையை மாட்டாமல் ஓட்டியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. தோட்டத்தில் காட்டுக்கிளிகள் இட்ட எச்சம் புல்லில் காய்ந்து கிடக்கிறது. இயந்திரம் அதைத் தூளாக்கி ஓட்டுகிறவர் முகத்தில் அடிக்கிறது. தினைக் கிண்ணத்தை ஊதுவதும் இதுவும் ஒன்றுதான். இங்கே ஊதுவது மோட்டார்.

நம் ஊர் அடுக்குமாடிகளில் புல்வெளி கிடையாது. சன்ஷேடும் ஏசி இயந்திரத்தின் மேல்தட்டும் இருக்கின்றன. புறா அங்கே குடும்பம் நடத்துகிறது. வருடத்துக்கு ஒருமுறை பண்டிகைக்கு முன்னால் ஓர் ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் வந்த தம்பி துடைப்பத்தையும் ஒரு தகரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினான். அடுக்கடுக்காகக் காய்ந்த எச்சத்தைச் சுரண்டச் சுரண்ட, வெள்ளைப் புகை மாதிரித் தூசு எழுந்து, கீழே துணி காயப்போட்டிருந்த பால்கனி வரை இறங்கியது. நான் ஒரு வாளித் தண்ணீரும் முகக்கவசமும் கொடுத்து, முதலில் நன்றாக நனைத்து ஊறவிட்டு அப்புறம் வழித்தெடு என்றேன். ‘தண்ணி ஊத்தினா நாறும் சார்’ என்றான். நாறும்தான். நாற்றம் நுரையீரலைக் கெடுப்பதில்லை. (புறா எச்சத் தூசில் இந்தக் கிருமி மட்டுமல்ல, பூஞ்சைகளும் இருக்கும்; நனைப்பது இரண்டுக்கும் ஒன்றாக உதவும்.)

பச்சைக்கிளி பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களில் பலர் கண்டுகொள்வதில்லை. சட்டத்தை விடுங்கள், நோயின் கோணத்தில் பாருங்கள். கிருமியைச் சுமக்கும் பறவை மாதக்கணக்கில் ஆரோக்கியமாகவே தெரியலாம். அதைப் பிடித்து, அட்டைப்பெட்டியில் இருபது முப்பதோடு சேர்த்து அடைத்து, பட்டினி போட்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் கடத்தி வந்தால், அந்த அதிர்ச்சியில் எதிர்ப்புச் சக்தி குறைந்து எச்சத்திலும் மூக்குநீரிலும் கிருமியைக் கொட்ட ஆரம்பிக்கும். 1930இன் கப்பல் கிளிகளுக்கு நடந்ததும் இதுதான். திருட்டுத்தனமாக விற்கப்படும் பறவையை எந்தக் கால்நடை மருத்துவரும் சோதித்திருக்க மாட்டார்.

பறவையை விட்டு ஆட்டுப்பட்டிக்கு வருவோம். இங்கே வேறொரு இனம்: கிளமிடியா அபார்ட்டஸ். பெயரிலேயே வேலை இருக்கிறது. சினை ஆடு நன்றாக மேய்கிறது, நன்றாக அசைபோடுகிறது, எந்த நோவும் தெரியவில்லை. ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது குட்டியை வீசிவிடுகிறது. குட்டி முழுதாக வளர்ந்துதான் இருக்கும், செத்துப் பிறந்திருக்கும், அல்லது பிழைக்காத பலவீனத்தில் இருக்கும். நஞ்சுக்கொடியைப் பார்த்தால் வழக்கமான மெல்லிய சவ்வாக இல்லாமல், தோல்போலத் தடித்து அழுக்குச் சிவப்பாக இருக்கும். கிருமி அங்கேதான் பெருகுகிறது; அந்த ஒரு நஞ்சுக்கொடியில் இருப்பது ஒரு மந்தைக்கே போதும்.

ஸ்காட்லாந்தில் 1930களிலேயே இந்தக் கருச்சிதைவை விவரித்திருந்தார்கள். எடின்பரோவின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டாம்பும் அவருடைய கூட்டாளிகளும் 1950இல் காரணம் இந்த வகைக் கிருமி என்று காட்டினார்கள். இதன் குயுக்தி என்னவென்றால் பொறுமை. இந்த ஈற்றுக் காலத்தில் ஒரு பெண்ணாடு பக்கத்து ஆடு வீசியதை முகர்ந்து தொற்று வாங்கினால், பெரும்பாலும் இந்த வருடம் அதற்கு ஒன்றும் ஆகாது. கிருமி சத்தமில்லாமல் உடம்பில் காத்திருந்து, அடுத்த சினையின் கடைசியில் எழுகிறது. ஆகவே வெளியிலிருந்து வாங்கிவந்த ஓர் ஆடு முதல் வருடம் ஒரு குட்டியை வீசும். ஏதோ முட்டு பட்டிருக்கும், கெட்டதைத் தின்றிருக்கும் என்று ஆட்டுக்காரர் நினைப்பார். இரண்டாம் வருடம் பட்டியில் மூன்றில் ஒரு பங்கு வரை வீசும். அதற்குள் எந்த ஆட்டோடு நோய் உள்ளே வந்தது என்பதே மறந்துபோயிருக்கும். ஒருமுறை வீசிய ஆடு பெரும்பாலும் மறுபடி வீசாது என்பது ஒன்றுதான் ஆறுதல். ஐரோப்பாவில் இதற்குத் தடுப்பூசிகள் இருக்கின்றன.

இந்தியாவின் ஆடுகளிலும் இந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கே ஆடு குட்டியை வீசினால் புரூசெல்லா, டாக்ஸோபிளாஸ்மா, கியூ காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. வெறும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். காரணம் எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான் என்பதால் ஆட்டுக்காரர் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை: வீசிய ஆட்டைத் தனியே கட்டுவது, குட்டியையும் நஞ்சையும் வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது, நாய் இழுக்காமல் பார்த்துக்கொள்வது. மாடு கன்று ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் சுரக்கும் என்று நம்பிக்கை. நாய்க்கு எட்டாமல் வைப்பது என்ற அளவில் அதில் புத்தி இருக்கிறது. ஆனால் கன்றோ குட்டியோ வீசிய நஞ்சை மரத்தில் ஏற்றக் கூடாது. அதற்குக் குழிதான் இடம்.

மனிதருக்கு இதில் ஒரே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அது கர்ப்பிணிகளுக்கு. ஆட்டின் நஞ்சுக்கொடியைப் பிடிக்கும் கிருமி மனிதரின் நஞ்சுக்கொடியையும் பிடிக்கிறது. அரிதாகவே நடக்கிறது, நடந்தால் கரு இறக்கிறது, தாய்க்குக் கடும் காய்ச்சல், ரத்தம் உறைவதில் கோளாறு என்று உயிருக்கே ஆபத்தாகிறது. பிரிட்டனில் ஒவ்வொரு ஆண்டும் ஆடு ஈனும் பருவத்தில் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுகிறது: கர்ப்பிணிகள் ஈற்றில் உதவ வேண்டாம், பால் கறக்க வேண்டாம், பிறந்த குட்டியைத் தூக்க வேண்டாம், ஈற்றுக்குப் போய் வந்த கணவரின் அழுக்குத் துணியைக்கூடத் தொட வேண்டாம். ஆட்டை வைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்களில் பட்டி கூட்டுவதும் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. மாதமாக இருந்தாலும் கடைசிவரை அந்த வேலை நிற்பதில்லை. சினை ஆடு ஈனுகிற, அதுவும் வீசுகிற அந்தச் சில வாரங்களுக்கு மட்டுமாவது வேறு யாராவது பட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டு, வீட்டில் ஆடும் இருந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஆட்டைப் பற்றி. டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுவது; அதற்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன, எது என்று அவர் முடிவு செய்வார்.

குதிரையிலும் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று சொல்லக் கூடாது. 2014இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒரு பெண்குதிரையின் நஞ்சுக்கொடியைக் கையாண்ட கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் நோய் வந்தது. அதில் இருந்தது ஆட்டுக் கிருமி அல்ல, கிளிகளின் சிட்டாசி. மேய்ச்சல் நிலத்தில் காட்டுக்கிளி இட்ட எச்சத்திலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மாணவர்களுக்கும் அது போயிருக்க வேண்டும். பெயர்ப்பலகை பார்த்துக் குடியிருக்கும் பழக்கம் இந்தக் கிருமிகளுக்கு இல்லை.

கோவாலாவின் கதை வேறு விதம். இதில் மனிதருக்கு ஆபத்து பெரிதாக இல்லை, கோவாலாவுக்குத்தான். கிளமிடியா பெக்கோரம் என்ற இனம் அவற்றின் கண்ணைக் குருடாக்குகிறது. சிறுநீர்ப்பையைத் தாக்கி எந்நேரமும் பின்புறம் நனைந்து அழுக்காக இருக்கச் செய்கிறது. பெண் கோவாலாக்களை மலடாக்குகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தீராதா என்றால், கோவாலா தின்பது பெரும்பாலும் யூகலிப்டஸ் இலைதான். அந்த நச்சு இலையைச் செரிக்க வைப்பது குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள். மருந்து அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிட்டால், நோய் தீர்ந்த கோவாலா வயிறு நிறையத் தின்றும் பட்டினியால் இறக்கும். அதனால்தான் தடுப்பூசி தேவைப்பட்டது. சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டிம்ஸ் தலைமையிலான குழு பத்து வருடத்துக்கு மேல் உழைத்து உருவாக்கிய ஒற்றைத் தவணைத் தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. இதே பெக்கோரம் ஆடு மாடுகளிலும் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூனைக்குட்டிக்கு ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் பரவும் சீழும் வீக்கமும் இருந்தால் அது கிளமிடியா ஃபெலிஸாக இருக்கலாம். குட்டியின் கண்ணைத் துடைத்த கையால் நம் கண்ணைத் தேய்த்தால் நமக்கும் வரக்கூடும், அபூர்வமாக. கினிப் பன்றியின் கண்ணில் வாழும் கேவியே என்ற இனம் நெதர்லாந்தில் சிலருக்கு நிமோனியா தந்திருக்கிறது. பன்றிகளின் கிளமிடியா சூயிஸ் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபணுவைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. நம்மிடம் இருக்கும் முதன்மை மருந்தான டாக்ஸிசைக்ளினும் அதே குடும்பம் என்பதால் ஆய்வாளர்கள் இதைக் கவலையோடு பார்க்கிறார்கள். அந்த மரபணு பங்காளிகளுக்குக் கைமாறிவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

பறவை வளர்ப்பவர்களுக்கு இனி. வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. கூண்டின் அடியில் செய்தித்தாளை விரித்து, தினமும் அதன் மேல் தண்ணீர் தெளித்து, மடித்து எடுத்துவிட்டால் எச்சம் காயவே வாய்ப்பில்லை. காயாவிட்டால் தூசும் இல்லை. உமிக் கிண்ணத்தை ஊதாமல் பைக்குள் கவிழ்த்துக் கொட்டுங்கள். கூண்டைக் கழுவும் நாளில் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, வெட்டவெளியில், முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு போகத் தேய்த்துவிட்டு, பிறகு 32 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து துடைத்தால் கிருமி சாகும். அழுக்கு இருக்கும்போதே பிளீச் ஊற்றினால் அழுக்கோடு சண்டை போட்டே அதன் சக்தி தீர்ந்துவிடும். பறவையை அந்நேரம் வேறு அறையில் வையுங்கள். கூண்டு படுக்கையறையிலோ சமையலறையிலோ வேண்டாம். புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது தனிக் கூண்டில் வைத்துப் பாருங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது, கண்ணில் மூக்கில் நீர் வடிவது, தின்னாமல் மெலிவது, எச்சம் பளீரென்ற பச்சையாக இருப்பது, இவை கண்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பறவைக்கும் டாக்ஸிசைக்ளின்தான், வழக்கமாக 45 நாள். கடையில் கேட்டு ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டால் பறவை தெளிந்தமாதிரி இருக்கும், கிருமி போகாது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக அரிது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவரை ஒதுக்கிவைக்க அவசியமில்லை. அதே கூண்டின் காற்றைச் சுவாசித்த மற்றவர்களுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று கவனித்தால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, வளர்ப்பது சொந்தப் பறவை இல்லை என்பதால் சொல்லாமல் விடுவது. அலுவலக மாடியில் புறாக்கூண்டைச் சுத்தம் செய்தது, ஊருக்குப் போன அண்ணன் வீட்டுக் கிளிக்கு ஒரு வாரம் தீனி வைத்தது எல்லாம் கணக்கில் சேரும். இன்னொன்று, பறவைதான் போன வாரமே செத்துவிட்டதே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பது. அன்னாபொலிஸ் கிளியும் நோயாளிகள் படுப்பதற்கு முன்பே செத்துப்போயிருந்தது.